குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே!

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரி. சோறு ஆக்குவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று அறுபத்து நாலு வயது வரையில் நினைத்துக் கொண்டிருந்தேன். பத்து வயதில் வெண்கலப் பானையில் உலை வைக்கக் கற்றுக்கொண்டவள். இருநூறு பேர் பந்தியானாலும் சரி, ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, "இறக்கு!" என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான், 2025 அக்டோபரில், ஜப்பான் தேசத்துக் கிராமம் ஒன்றில், ஒரு மண்சட்டிக்கு முன்னால் கையில் மூடியும் கரண்டியுமாகத் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் என் பிள்ளை தோக்கியோவில் ஒரு ஜப்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் போகவில்லை. கேட்டவர்களிடம், "அவருக்கு முழங்கால் வலி, அத்தனை நேரம் விமானத்தில் உட்கார முடியாது" என்று சொல்லி வைத்தோம். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. வலி வேறு இடத்தில். பிறகு பேத்தி பிறந்தாள். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை சென்னைக்கு வந்தாள். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் கீரை வாங்கினாள். என்னோடு தரையில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தாள். அவள் மேல் இருந்த மனஸ்தாபம் எப்போது போயிற்று என்றே தெரியாமல் போய்விட்டது.

ஆனால் அவளுடைய அம்மாவை, என் சம்பந்தியை, நான் பார்த்ததே இல்லை. நீகாத்தா மாகாணத்தில் கிராமத்து வீட்டில் இருக்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய கணவர் காலமானபோதுகூட, பிள்ளை மூலம் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியதோடு சரி. கல்யாணத்துக்குப் போகாதவள் என்ன முகத்தோடு துக்கம் விசாரிப்பது? இந்தக் கூச்சம் எனக்குள் கல்லாகக் கிடந்தது. "இந்தத் தடவை நீயே வந்து பாரு, அம்மா" என்று பிள்ளை டிக்கெட் அனுப்பியதும் புறப்பட்டுவிட்டேன்.

புளி, மிளகாய்த்தூள், அப்பளம் எல்லாம் கட்டினேன். ஒரு மூட்டை பொன்னி அரிசியும் கட்டப் போனபோது பிள்ளை டெலிபோனில் தடுத்துவிட்டான். அரிசிக்கு நம் ஊர் அதிகாரிகளின் நற்சான்று வேண்டுமாம். அது இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்களாம். "போகட்டும், அங்கே அரிசிக்கா பஞ்சம்?" என்று விட்டுவிட்டேன்.

தோக்கியோ போய்ச் சேர்ந்த மறுநாளே சமையலறையை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். அரிசி குட்டையாக, குண்டாக, முத்து மாதிரி இருந்தது. வழக்கம்போல் நிறையத் தண்ணீர் வைத்து, கொதித்ததும் அரிசியைப் போட்டு, பதம் பார்த்து வடித்தேன். வடிந்தால் அல்லவா? தட்டைச் சாய்த்தால் தண்ணீருக்குப் பதில் கூழ் வந்தது. உள்ளே இருந்ததை ஒரு சுவரொட்டிக்குத் தாராளமாக உபயோகித்திருக்கலாம். மூன்று நாள் மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். மூன்று நாளும் பசை!

"அம்மா, இது வடிக்கிற அரிசி இல்லே" என்றான் பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அதன் காரணத்தையும் அவனே சொன்னான். அரிசி மாவுச்சத்தில் இரண்டு ஜாதி உண்டாம். ஒன்று பருக்கைகளை உதிரி உதிரியாக வைப்பது. மற்றது ஒட்ட வைப்பது. நம் நாட்டு நீள அரிசிகளில் முதல் ஜாதி கூடுதல். அவர்களுடைய குட்டை அரிசியில் குறைவு. ஆகவே வெந்தால் ஒன்றோடொன்று லேசாக ஒட்டும். குச்சியால் எடுத்துச் சாப்பிடுகிற ஜனங்களுக்கு அது எவ்வளவு சௌகரியம், பாருங்கள்! அந்த அரிசியை வெள்ளமாகத் தண்ணீர் விட்டுப் புரட்டினால் கூழாகாமல் என்ன செய்யும்? அவர்கள் அளந்த தண்ணீரில் வைத்து, அத்தனையையும் அரிசியே குடிக்கும்படி செய்கிறார்கள். வடிப்பது என்ற பேச்சே கிடையாது.

பிள்ளையின் வீட்டில் மின்சாரக் குக்கர் இருக்கிறது. நம் ஊரிலும் இப்போது பல வீடுகளில் இருக்கிறதே, அதேதான். அதன் பூர்வோத்தரம் தெரிந்தால் அதைப் பார்த்துக் கும்பிடத் தோன்றும். 1955 டிசம்பரில் தோஷிபா கம்பெனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. கம்பெனிக்காக அதைச் செய்து கொடுத்தவர் மினாமி யோஷிதாதா என்று ஒரு சிறு தொழிற்சாலைக்காரர். ஆனால் சோதனை போட்டது யார் தெரியுமா? அவருடைய மனைவி ஃபுமிகோ. குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, பொழுது விடிந்தால் பொழுது போனால் சோறு ஆக்குவதும், உஷ்ணத்தை அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதுமாக இருந்தாராம். வெயிலிலும் வைத்துப் பார்த்தார், உறைய வைக்கும் குளிரிலும் வைத்துப் பார்த்தார். அரிசி ஏறக்குறைய 98 டிகிரியில் 20 நிமிஷம் இருந்தால் நடுமையம் வரை வேகும் என்பதுதான் கணக்கு. அதற்குத் தகுந்த யுக்தி, பாத்திரத்துக்கு வெளியே இன்னொரு பாத்திரம், நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகித் தீர 20 நிமிஷம் ஆகும். தீர்ந்தவுடன் சூடு ஏறும். ஏறியவுடன் ஓர் உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அவ்வளவுதான். அதுவரையில் ஜப்பானியப் பெண்கள் விடியற்காலையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் அவர்களுக்குக் காலைத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது! யந்திரத்தைப் பற்றி எழுதுகிற ஆண்பிள்ளைகள் ஃபுமிகோவின் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம் என்பது என் அபிப்பிராயம்.

குக்கர் சோறு நன்றாகவே இருந்தது. "இதுக்கே இப்படிச் சொல்றியே, எங்க மாமியார் மண்சட்டியிலே ஆக்கற சோத்தைச் சாப்பிட்டுப் பாரு" என்றான் பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது. 'எங்க அம்மா சோறு' என்று சொன்ன வாய் அல்லவா அது!

சனிக்கிழமை எல்லோரும் நீகாத்தாவுக்குப் புறப்பட்டோம். தோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் எச்சிகோ யுசாவா ஸ்டேஷனுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். வழியில் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைக்குகைப் பாதை. கண் மூடித் திறப்பதற்குள் சீதோஷ்ணமே மாறிவிடுகிறது. 1968-ல் நோபல் பரிசு பெற்ற கவாபாதா யாசுனாரி எழுதிய 'பனி தேசம்' நாவலின் களம் இந்தப் பிரதேசந்தான். மாரிக்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி கொட்டுமாம். அக்டோபரில் பனி இல்லை. ஆனால் அதன் அடையாளம் தெருவிலேயே இருந்தது. சாலை முழுதும் துருப்பிடித்தாற்போல் சிவப்பு! பனியைக் கரைப்பதற்காகச் சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீச்சுகிறார்கள். அந்த நீரிலுள்ள இரும்புச் சத்துதான் அப்படிக் கறையாகிறது.

யுசாவாவில் சிறிய ரயிலுக்கு மாறி மினாமி உவோநுமா போய்ச் சேர்ந்தோம். இரு புறமும் மலை, நடுவில் நதி, நதியின் இரு பக்கமும் வயல். அறுவடை முடிந்து தாள் மட்டும் வரிசை வரிசையாக நின்றது. எனக்குக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இறங்கிவிட்டாற்போல இருந்தது. மலையை மட்டும் மறைத்துவிட வேண்டும். மலைப் பனி உருகி வருகிற தண்ணீர், பகலில் வெயில், இரவில் குளிர் இந்த மூன்றும் சேர்ந்து இந்த ஊர் அரிசிக்கு ஜப்பான் முழுதும் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. 'கோஷிஹிகாரி' என்ற அந்த நெல் ரகம் 1956-ல் பதிவானது. 'கோஷி' என்பது இந்தப் பக்கத்து நாடுகளின் பழைய பெயர். 'ஹிகாரி' என்றால் ஒளி. நெல்லுக்கு 'கோஷி நாட்டு ஒளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! 1979-லிருந்து ஜப்பானில் அதிகப் பரப்பில் பயிராவது இதுதான்.

ஸ்டேஷனுக்கே சம்பந்தியம்மாள் வந்திருந்தார். என்னைவிட ஒரு பிடி குட்டை. வெள்ளை மயிர். வயல் வேலை பார்த்த கை. இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். நானும் மறுபடி. இது எப்போது நிற்கும் என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருக்கும்போது, ஆறு வயதுப் பேத்தி நடுவில் புகுந்து இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்குப் போனாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள்தான் துபாஷ்.

வழியில் டெலிபோன் கூண்டு மாதிரி ஒரு சின்னக் கொட்டகை முன்னால் கார் நின்றது. உள்ளே ஒரு யந்திரம். சம்பந்தியம்மாள் தவிட்டோடு இருந்த பழுப்பு அரிசியைக் கொட்டி நாணயத்தைப் போட்டார். கடகடவென்று தீட்டி வெள்ளை அரிசியாகக் கொட்டியது. 10 கிலோவுக்கு 100 யென். தீட்டின அரிசி நாள்பட்டால் ருசி குறையும் என்று, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டிக்கொள்கிறார்கள். அந்த வருஷம் வசந்த காலத்தில் தோக்கியோ கடைகளில் 5 கிலோ அரிசி 4000 யென்னைத் தாண்டி, ஜப்பான் முழுதும் அதே பேச்சாக இருந்ததாம். சொந்த நிலத்து அரிசி உள்ள சம்பந்தியம்மாளுக்கு அந்தக் கவலை இல்லை. நிலத்தை இப்போது பக்கத்து வீட்டுக்காரர் பயிர் செய்து பங்கு கொடுக்கிறார்.

"இது புது அரிசி, பாட்டி! இந்த வருஷத்து அரிசி! ஒபாச்சான் உனக்காக எடுத்து வச்சிருக்காங்க" என்றாள் பேத்தி. ஒபாச்சான் என்றால் பாட்டி.

எனக்குப் பகீரென்றது. வந்த சம்பந்திக்கு யாராவது புது அரிசியைப் போடுவார்களா? நம் பக்கத்தில் புது அரிசி பொங்கலுக்குத்தான் லாயக்கு. குழையும், வயிற்றைக் கெடுக்கும் என்று ஒரு வருஷமாவது பழக வைத்து அல்லவா சமைப்போம்? கடைக்காரரிடம் "பழைய அரிசிதானே?" என்று இரண்டு தடவை கேட்டுத்தானே வாங்குவோம்? அங்கே எல்லாம் தலைகீழ். புது அரிசிக்குத்தான் மவுசு. மூட்டையின் மேல் 'புது அரிசி' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். அறுவடையான அந்த வருஷ முடிவுக்குள் உறையில் கட்டின அரிசிக்குத்தான் அந்தச் சீட்டு போடலாம். ஈரப்பசையும் மினுமினுப்பும் வாசனையும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் ருசி.

வீடு பெரியது. உள்ளே மரத்தாலான ஒரு சின்ன மாடம். அதுதான் அவர்கள் பெரியவர்களை வைத்துக் கும்பிடும் இடம். சம்பந்தி ஐயாவின் படம் இருந்தது. வெயிலில் கறுத்த சிரித்த முகம். ஊதுவத்தி ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். எட்டு வருஷத்து வார்த்தைகள் தொண்டையில் நின்றன. பேத்தியை வைத்துக்கொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

தினம் பானையைத் திறந்தவுடன் முதல் சோறு அந்த மாடத்துக்குத்தான். கட்டைவிரல் உயரக் கிண்ணத்தில் குவித்து வைத்து, சின்ன மணியைத் தட்டிக் கும்பிட்ட பிறகே மற்றவர்களுக்கு. காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று புது அரிசி. ஆகவே வருஷத்து முதல் கிண்ணம்.

இப்போதுதான் விபரீதம். மண்சட்டி அடுப்பில் இருந்தது. சம்பந்தியம்மாள் தோட்டத்தில் வெங்காயத்தாள் பறிக்கப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, சட்டியைக் காட்டி, ஏதோ சொன்னார். 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பேத்தி அப்போது பூனையைத் துரத்திக்கொண்டு வாசலில் இருந்தாள்.

சட்டியின் மூடித் துவாரத்திலிருந்து புஸ்ஸென்று வந்துகொண்டிருந்த ஆவி மெல்ல அடங்கியது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு லேசாக ஒரு வாசனை. 'ஐயையோ, தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கிறதே!' என்று எனக்குப் பதறிவிட்டது. ஐம்பது வருஷத்துப் பழக்கம் மூளையைக் கேட்டா வேலை செய்யும்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பாலோடு புகட்டியிருக்கிறார்களே! வெளி மூடியை எடுத்தேன். உள்ளே இன்னொரு மூடி, அதையும் எடுத்தேன். ஒரு பருக்கையை நசுக்கினேன். நடுவில் சற்றே விறைப்பு. தண்ணீரோ துளிகூட இல்லை. அவசரமாக அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி, கரண்டியை விட்டு நன்றாக ஒரு கிளறும் கிளறிவிட்டேன்!

திரும்பினால் வாசற்படியில் சம்பந்தியம்மாள், கையில் வெங்காயத்தாளோடு.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகமும் மாறவில்லை. என் கையிலிருந்து மூடியை வாங்கி, சட்டியை மூடி, அடுப்பை அணைத்தார். எனக்குத் தலை குனிந்து ஒரு வணக்கமும் செய்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

மேலே அரை வேக்காடு, கீழே களி. அன்று மாடத்துக் கிண்ணம் காலியாகவே இருந்தது. அந்தச் சோற்றை இரவு கஞ்சியாகக் காய்ச்சினார்கள். கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேத்தி போட்டு உடைத்தாள்: "பாட்டி, ஒபாச்சான் தாத்தா படத்துக்கிட்டே பேசினாங்க. 'இன்னிக்கு விருந்தாளி வந்திருக்காங்க, உங்களுக்கு நாளைக்குத் தரேன், பொறுத்துக்குங்க'ன்னு சொன்னாங்க."

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாணத்துக்கும் வராதவள், வந்த முதல் நாளே அந்த மனிதரின் கிண்ணத்தையும் காலியாக்கிவிட்டாளே என்று என்னையே வைதுகொண்டேன்.

விடிவதற்கு முன்பே சமையலறையில் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, 'உட்காருங்கள்' என்று கையைக் காட்டினார். பேத்தியையும் கண்ணைக் கசக்கக் கசக்கக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். பாடம் ஆரம்பமாயிற்று.

அளவு முதலில். 'கோ' என்பது அவர்கள் படி, 180 மில்லி லிட்டர்; கிட்டத்தட்ட நம் பழைய ஆழாக்கு. அரிசியைக் குவித்து அளக்காமல் தலை வழித்து அளந்தார். மூன்று 'கோ'. பிறகு முதல் தண்ணீரை விட்டு, கையை இரண்டு சுற்றுச் சுற்றி, உடனே கொட்டிவிட்டார். பத்து எண்ணுவதற்குள்! காய்ந்த அரிசி முதல் தண்ணீரைத்தான் ஆவலாகக் குடிக்குமாம். அதில் தவிட்டு வாடை கரைந்திருக்கும். ஊறவிட்டால் அந்த வாடையையும் சேர்த்துக் குடித்துவிடும். நான் இத்தனை வருஷமாக முதல் தண்ணீரில்தான் சாவகாசமாகக் கல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தண்ணீரில்லாமல், விரல்களைப் பந்து பிடிப்பது போல் வளைத்து, அரிசியை மெல்லச் சுழற்றினார். அதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை, கத்தி தீட்டுவதற்குச் சொல்லும் அதே வார்த்தை. பெயர்தான் அப்படி, இப்போதைய யந்திர அரிசிக்கு அழுத்தித் தேய்ப்பது கூடாது, அரிசி நொறுங்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினார். கடைசிவரை கண்ணாடி மாதிரி தெளிய வேண்டும் என்பதில்லை. அந்தக் களைந்த நீரைக் கொட்டாமல் எடுத்து வைத்தார். முள்ளங்கியை அதில்தான் வேக வைப்பாராம், காரல் போய்விடும். "எங்க ஊர்லே மண்டி பண்ணுவோம்னு சொல்லு" என்றேன் பேத்தியிடம். அவள் எப்படி மொழிபெயர்த்தாளோ, சம்பந்தியம்மாள் கண்ணை அகல விரித்துத் தலையாட்டினார்.

அரிசியை அரை மணி ஊற வைத்தார். குளிர்காலமானால் ஒரு மணி. கண்ணாடி போலிருந்த அரிசி பால் வெள்ளையாக மாறும், அதுதான் அடையாளம். ஊறாத அரிசி வெளியே வெந்து உள்ளே விறைக்கும். ஊறின பிறகு வடித்துவிட்டு, புதிதாக அளந்து தண்ணீர். மூன்று 'கோ' அரிசி என்றால் 540 மில்லி. பழைய அரிசியாக இருந்தால் தண்ணீர் 650 மில்லி, அதாவது ஒன்றுக்கு ஒன்றேகால் கூட இல்லை! புது அரிசியில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் 600 போதும் என்றார். நல்ல குளிர்ந்த தண்ணீராக விட்டார். கனமான மண்சட்டி, குளிர்ந்த தண்ணீர் இரண்டும் சேர்ந்து சூடு மெதுவாக ஏறும். 40 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் தங்கித் தங்கிப் போகும்போது அரிசியிலுள்ள நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். சோற்றைச் சும்மா மென்றால் இனிக்கிறதே, அதன் ரகசியம் இதுதான்.

சட்டி, இகா என்ற ஊரில் செய்தது. அந்த மண்ணில் நுண்ணிய துளைகள் அதிகம். புதுச் சட்டியில் முதலில் அரிசிக் கஞ்சி காய்ச்சித்தான் பழக்குவார்களாம், துளைகள் அடைபடுவதற்கு. இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். என் மாமியார் புது மண்சட்டியை வாங்கினால் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்?

பிறகு தீ. விறகடுப்புக் காலத்திலிருந்து அவர்களுக்கு ஒரு பழமொழி உண்டு. முதலில் 'சோரோ சோரோ' என்று தீ தணிந்து எரிய வேண்டும். நடுவில்... பேத்தி கொட்டாவியோடு, "நடுவிலே பப்பா" என்றாள்.

"பாப்பாவா? அடுப்புக்கு நடுவிலே பாப்பா எங்கேடி வந்தது?"

"பாப்பா இல்லே பாட்டி, 'பப்பா'! தீ பெரிசா எரியறது! பாப்பா அப்புறந்தான் வரும்."

அப்புறம் நிஜமாகவே பாப்பா வந்தது. கடைசியில் ஒரு பிடி வைக்கோலைப் போட்டு ஒரு சூடு கொடுக்க வேண்டும். அதற்கப்புறம், கைக்குழந்தை வீரிட்டு அழுதாலும் மூடியை மட்டும் திறக்கக் கூடாது!

இதைச் சொல்லும்போது சம்பந்தியம்மாள் என்னைப் பார்க்காமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதையை நான் கவனிக்காமல் இல்லை.

நடுத்தரத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஆவி சீறிக்கொண்டு வந்தது. தீயைக் குறைத்தார். இன்னும் ஒரு பத்து நிமிஷம். ஆவி மெலிந்தது. நான் நேற்றுப் பதறிய கட்டம் இதுதான். இன்று சம்பந்தியம்மாள் என் தோளைத் தொட்டு, சட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோகச் சொன்னார். கொதிக்கும் சத்தம் போய், சிறு மழை ஓய்ந்தபின் கூரையில் சொட்டுவது போல 'சட்... சட்...' என்று கேட்டது. பிறகு அந்த வாசனை. தீய்ந்த வாடை இல்லை, பொரி வறுக்கும் வாசனை. பதம் பார்ப்பது அங்கேயும் உண்டு. காதாலும் மூக்காலும் பார்க்கிறார்கள். பத்து எண்ணும் நேரம் தீயைத் தூண்டிவிட்டு அணைத்தார். பிறகு பதினைந்து நிமிஷம் சும்மா இருந்தோம். மேலே நிற்கும் ஆவி திரும்பவும் பருக்கைக்குள் இறங்குவது இந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான். நேற்று நான் அதைத்தான் ஊருக்குத் தானம் செய்திருந்தேன்.

மூடியை அவர் எடுக்கவில்லை. ஒரு துணியை என் கையில் கொடுத்து, என்னை எடுக்கச் சொன்னார்.

பளபளவென்று ஒவ்வொரு பருக்கையும் தலை நிமிர்ந்து நின்றது. தட்டையான மர அகப்பையை நனைத்துச் சோற்றில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, அடியிலிருந்து மேலே புரட்டிவிட்டார். கிளறி நசுக்குவதில்லை, வெட்டுவதுதான். நம் வீட்டில் சோறு எடுக்கும் கரண்டிக்கு அன்னவெட்டி என்று பெயர். அந்தப் பெயரின் அர்த்தம் எனக்கு அறுபத்து நாலு வயதில் ஜப்பானில் தெரிந்தது! முதல் கிண்ணம் மாடத்துக்குப் போயிற்று. மணி ஒலித்தது. நானும் கைகூப்பினேன். பிறகு எங்களுக்கு. குழம்பில்லை, ரசமில்லை, ஒரு உப்பு ஊறுகாய் மட்டும். நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்து என் வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். அவர்கள் தண்ணீர்க் கணக்கை அப்படியே நம் அரிசிக்கு வைத்தால் பல்லுக்கு ஆபத்து. பொன்னிப் பச்சரிசியை முதல் தண்ணீரைச் சட்டென்று கொட்டிக் களைந்து, அரை மணி ஊறவைத்து வடித்து, கனத்த அடிப் பாத்திரத்தில் ஆழாக்குக்கு இரண்டு ஆழாக்குத் தண்ணீர் வைக்கிறேன். நன்றாகப் பழகின அரிசியானால் இன்னும் கால் ஆழாக்கு. கொதித்ததும் தணலைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அணைத்துப் பதினைந்து நிமிஷம் மூடியைத் தொடுவதில்லை. பிறகு அன்னவெட்டியால் வெட்டிப் புரட்டுகிறேன். பிரஷர் குக்கர்க்காரர்களும் ஊற வைக்கலாம். வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விரட்டாமல் தானாக அடங்கவிடலாம். புழுங்கலரிசியை மட்டும் நான் பழையபடி வடித்துத்தான் சாப்பிடுகிறேன். அதில் யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை. முதல் நாள் எங்கள் வீட்டுக்காரர் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "அரிசிக்கடையை மாத்தினியா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உவோநுமாவில் கடைசி நாள் நடந்ததை இன்னும் சொல்லவில்லையே. தோக்கியோவில் நிஷி கசாய் என்ற பேட்டையில் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள், நம் மளிகைக் கடைகளும் இருக்கின்றன. அங்கே வாங்கிய ஒரு பொட்டலம் பொன்னி அரிசி என் பெட்டியில் இருந்தது. அன்று சாயங்காலம் அடுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நிறையத் தண்ணீர் வைத்து, கொதித்ததும் அரிசியைப் போட்டேன். சம்பந்தியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, மூடியே இல்லாமல் அரிசி புரள்வதைக் கவலையோடு பார்த்தார். பதம் வருகிற சமயம், கரண்டியில் ஒரு பருக்கையை எடுத்து அவர் முன்னால் நீட்டி, நசுக்கிப் பார்க்கச் சொன்னேன். தயங்கினார். பிறகு இரண்டு விரலால் நசுக்கினார். பருக்கை வழுக்கி ஓடி அவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வடித்த கஞ்சியை நான் தொட்டியில் கொட்டப் போனபோது சட்டென்று தடுத்து, ஒரு கிண்ணத்தில் பிடித்து, உப்புப் போட்டு இரண்டு பேருக்குமாகக் கொண்டுவந்தார். குடித்தோம். அந்தச் சமயம் பார்த்து, "உங்கள் வீட்டுக்காரர் போனபோது நான் வரவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. தப்பு என்னுடையது" என்று சொல்லிவிட்டேன், தமிழில்தான். பேத்தி வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மாள் அவளைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சியை ஊற்றினார்.

பிறகு எழுந்துபோய் மாடத்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் பொன்னிச் சோற்றை எடுத்து வைத்தேன். குவியவில்லை, உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது. ஒருவழியாகக் குவித்துப் படத்தின் முன் வைத்தேன்.

பேத்தி அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டாள்: "பாட்டி, இந்தச் சோறு குச்சியிலே நிக்காதே. தாத்தா எப்படிச் சாப்பிடுவாங்க?"

அதையே ஒபாச்சானிடமும் ஜப்பானிய மொழியில் கேட்டாள். சம்பந்தியம்மாள் சற்று நேரம் யோசித்தார். சமையலறைக்குப் போய் ஒரு சின்ன ஸ்பூனைத் துடைத்துக் கொண்டுவந்து, கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு மணியைத் தட்டினார்.